புகைப்படக் கண்காட்சிகள்: இப்போது என்ன நடக்கிறது என்று தேடுவதிலிருந்து நின்று பார்ப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

"அடுத்த மாதம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைத்துக்கொண்டிருக்கும் கண்காட்சி ஏதாவது உங்கள் மனதில் இருந்தால், முதலில் அது எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். ஓவியமோ சிலையோ அடுத்த வருடம் போனாலும் அதே அறையில் இருக்கலாம், ஆனால் புகைப்படப் பிரிண்ட் இருக்காது. தொடர்ந்து வெளிச்சம் பட்டால் வண்ணம் வெளுக்கும், பழைய காகிதம் மஞ்சளாகும், போன நிறம் எந்தச் சிகிச்சையாலும் திரும்பி வராது. அதனால்தான் அருங்காட்சியகங்கள் நுட்பமான பிரிண்ட்களுக்கு விளக்கை 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மங்கலாக வைக்கின்றன, சில மாதங்கள் மாட்டிவைத்துவிட்டு இறக்கிப் பெட்டிக்குள் போட்டுப் பல வருடங்கள் இருட்டில் ஓய்வு கொடுக்கின்றன. நிரந்தரப் புகைப்படப் பிரிவு வைத்திருக்கும் இடங்களில்கூட அறைதான் நிரந்தரம், சுவரில் இருப்பது மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் தவறவிட்ட பிரிண்ட் மறுபடி வெளியே வர எத்தனை வருடம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் இந்த வழிகாட்டியைத் தேடுவதில் தொடங்கி, வரிசையாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: எந்த மாதிரி இடம் என்று புரிந்துகொள்ளுங்கள்

புகைப்படம் காட்டும் இடங்கள் எல்லாம் ஒன்று போல நடப்பதில்லை. பெரிய கலை அருங்காட்சியகங்களுக்குச் சொந்தச் சேகரிப்பு இருக்கும். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமான மோமா 1940-லேயே புகைப்படத்துக்குத் தனித் துறை தொடங்கியது, லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் 1850-களிலிருந்தே புகைப்படங்களைச் சேர்த்து வருகிறது. இப்படிப்பட்ட இடங்களில் கண்காட்சிகள் பொதுவாக மூன்று, நான்கு மாதம் ஓடும், பழைய அரிய பிரிண்ட்களைப் பார்க்கும் வாய்ப்பும் இங்கேதான் அதிகம்.

அடுத்தது புகைப்படத்துக்கென்றே இயங்கும் நிறுவனங்கள். லண்டனில் 1971-இல் தொடங்கிய ஃபோட்டோகிராஃபர்ஸ் கேலரி, கார்னெல் காப்பா 1974-இல் நியூயார்க்கில் நிறுவிய இன்டர்நேஷனல் சென்டர் ஆஃப் ஃபோட்டோகிராஃபி, பாரிஸின் ஜூ த போம், ஆம்ஸ்டர்டாமின் ஃபோம், சி/ஓ பெர்லின், டோக்கியோ புகைப்படக் கலை அருங்காட்சியகம், ரோச்செஸ்டரின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் அருங்காட்சியகம் என்று ஒரு நீண்ட வரிசை. இன்று இயங்கிக்கொண்டிருக்கும் இளம் புகைப்படக் கலைஞர்களை முதலில் சந்திக்கும் இடம் பெரும்பாலும் இவைதான். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே இப்படி ஒன்று இருக்கிறதா என்று நான் முதலில் தேடுவேன்.

மூன்றாவது, படங்களை விற்கும் தனியார் கேலரிகள். உள்ளே போகக் கட்டணம் கிடையாது, வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. இதைத் தெரியாமலேயே பலர் கண்ணாடிக் கதவைப் பார்த்துத் தயங்கித் திரும்பிவிடுகிறார்கள், அது பெரிய நஷ்டம். நேராக உள்ளே போங்கள், மேசையில் இருப்பவரிடம் படங்களின் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதில் தலைப்பு, வருடம், பிரிண்ட் வகை, எடிஷன் (மொத்தம் எத்தனை பிரிண்ட் போடப்பட்டது என்ற கணக்கு) எல்லாம் இருக்கும். ஆர்வமாக இரண்டு கேள்வி கேட்டால், சுவரில் இல்லாத பிரிண்ட்களை இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டுபவர்களும் உண்டு. திறப்பு விழா மாலையில் கூட்டம் இருக்கும், கலைஞரும் இருப்பார், பேச நல்ல நாள். படம் பார்க்க வேண்டுமென்றால் வேறொரு வார நாள் மதியம் போங்கள்.

இரண்டாவது படி: இப்போது என்ன நடக்கிறது என்று தேடுவது

பொதுவான தேடுபொறியில் "புகைப்படக் கண்காட்சி" என்று அடித்தால் முடிந்துபோனவையும் ரத்தானவையும் கலந்து வரும். அந்தந்த அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில் "நடப்பவை", "வரவிருப்பவை" என்ற பக்கங்களைப் பாருங்கள், இதுதான் நம்பகமான முதல் வழி. பிடித்த ஐந்தாறு இடங்களின் மின்னஞ்சல் மடலுக்குப் பதிவு செய்துவிட்டால் தேடும் வேலை பாதியாகக் குறையும். இன்னொரு வழியும் இருக்கிறது: உங்களுக்குப் பிடித்த புகைப்படக் கலைஞரின் தளத்திலோ அவருடைய கேலரியின் தளத்திலோ இருக்கும் கண்காட்சிப் பட்டியல். தலைப்பில் "புகைப்படம்" என்ற சொல்லே இல்லாத குழுக் கண்காட்சிகளில் அவர் படங்கள் இருப்பது அங்கேதான் தெரியவரும்.

வருடாந்திர நிகழ்வுகள் ஏறத்தாழ ஒரே பருவத்தில் வருவதால் அவற்றை நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்துவைக்கலாம். பிரான்ஸின் ஆர்ல் நகரத்தில் 1970 முதல் நடக்கும் புகைப்பட விழா ஜூலை தொடக்கத்தில் ஆரம்பித்துக் கோடை முழுக்க ஓடும். பழைய தேவாலயங்களிலும் தொழிற்கூடங்களிலும் படங்களை மாட்டியிருப்பார்கள், முதல் வாரத்தில் கலைஞர்கள் எல்லோரும் வருவார்கள், செப்டம்பரில் அமைதியாகப் பார்க்கலாம். ஜப்பானின் க்யோட்டோகிராஃபி 2013-இல் தொடங்கியது, அது வசந்த காலத்தில். டொராண்டோவின் கான்டாக்ட் விழா மே மாதத்தில், மாட்ரிட்டின் ஃபோட்டோஎஸ்பான்யா கோடையில். டாக்காவின் சோபி மேளாவும் (2000 முதல்) சென்னை ஃபோட்டோ பினாலேவும் (2016 முதல்) வருடா வருடம் வருவதில்லை, தேதியை ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். நவம்பரில் பாரிஸ் ஃபோட்டோ. அது கண்காட்சி என்பதைவிட விற்பனைச் சந்தைதான், ஆனால் ஒரே கூரையின் கீழ் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரிண்ட் முதல் போன மாதம் எடுத்த படம் வரை பார்க்கக் கிடைக்கும் வேறு இடம் எனக்குத் தெரிந்து குறைவு.

ஊர் ஊராகச் சுற்றும் கண்காட்சிகளும் உண்டு. 1955-இல் தொடங்கிய வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியின் படங்கள் ஒவ்வொரு வருடமும் பல நாடுகளுக்குப் போகின்றன. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டிக் கண்காட்சியும் அப்படித்தான். இவற்றை முதல் நகரத்தில் தவறவிட்டால் பதற வேண்டாம், பயணப் பட்டியலைப் பார்த்து அடுத்த ஊரில் பிடித்துக்கொள்ளலாம்.

கிளம்பும் முன் இதையும் பார்த்துவிடுங்கள்: பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் அல்லது செவ்வாய் விடுமுறை. ஒரு கண்காட்சி முடிந்து அடுத்ததை மாட்டும் இடைவெளியில் கட்டடம் திறந்திருந்தாலும் புகைப்பட அறை மட்டும் மூடியிருக்கும், தளத்தின் மூலையில் சின்ன எழுத்தில்தான் போட்டிருப்பார்கள். நேரம் குறித்த டிக்கெட் உள்ள இடங்களில் காலையின் முதல் நேரத்தை எடுங்கள்.

மூன்றாவது படி: எதற்குப் போவது என்று தேர்ந்தெடுப்பது

இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும். அறிமுகக் குறிப்பில் இருக்கும் பெரிய வார்த்தைகளை விட்டுவிட்டு மூன்று விஷயங்களைத் தேடுங்கள். எத்தனை படங்கள் வைக்கிறார்கள்? தேர்ந்தெடுத்தவர், அதாவது க்யூரேட்டர், யார்? சுவரில் இருக்கப்போகும் பிரிண்ட்களைச் செய்தது யார், எப்போது?

மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை, என் கருத்தில் அதுதான் மிக முக்கியமானது. படம் எடுத்த காலத்தை ஒட்டியே போடப்பட்ட பிரிண்டை "விண்டேஜ்" என்பார்கள். அதே நெகட்டிவிலிருந்து நாற்பது வருடம் கழித்துக் கலைஞரே போட்டது வேறு, அவர் இறந்த பிறகு இன்னொருவர் போட்டது வேறு. அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் ஊருக்கு மேலே நிலா எழுவதை எடுத்த படத்தை அடுத்து வந்த பல பத்தாண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிண்ட்களாகப் போட்டார். தொடக்க காலப் பிரிண்ட்களில் வானத்தில் மேகம் தெரியும், வெளிறிய சாம்பல் நிறம் இருக்கும், பிற்காலப் பிரிண்ட்களில் அதே வானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டயான் ஆர்பஸ் 1971-இல் இறந்த பிறகு அவருடைய நெகட்டிவ்களிலிருந்து பிரிண்ட் போடும் பொறுப்பு நீல் செல்கர்க்கிடம் வந்தது, ஆர்பஸின் பழைய பிரிண்ட்களைப் பார்த்துப் பார்த்து அதே தன்மையைக் கொண்டுவர அவர் உழைத்தார். விவியன் மையர் விஷயம் இன்னும் சிக்கல். அவர் எடுத்த படங்களில் பெரும்பகுதியை அவரே பிரிண்டாகப் பார்த்ததில்லை, கழுவாத ஃபிலிம் சுருள்கள் ஏராளமாகக் கிடந்தன, 2009-இல் அவர் இறந்த பிறகுதான் உலகத்துக்கு அவர் பெயர் தெரிந்தது. ஆகவே அவருடைய கண்காட்சிகளில் நீங்கள் பார்க்கும் அளவு, தேர்வு, கறுப்பின் ஆழம் எல்லாம் பெரும்பாலும் பிறருடைய முடிவுகள். அதனால் போகக் கூடாது என்று சொல்லவில்லை, கட்டாயம் போங்கள், ஆனால் யாருடைய முடிவைப் பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்டு பாருங்கள்.

எனக்குத் தயக்கம் வருவது, சுவர் முழுக்கப் புரொஜெக்டரில் ஓட்டிக்காட்டும் வகைக் கண்காட்சிகளிடம்தான். பிரிண்டே இல்லாத இடத்துக்கு மெனக்கெட்டுப் போவதற்குப் பதில் அதே நேரத்தில் ஒரு சின்னக் கேலரியில் பதினைந்து நல்ல பிரிண்ட்களைப் பார்க்கலாம். கலைஞரே ஒளித்திரைக்காக உருவாக்கிய வேலை என்றால் அது வேறு கதை.

நான்காவது படி: போவதற்கு முன்

கலைஞரைப் பற்றி இரண்டு பக்கம் படித்தால் போதும். இணையத்தில் கண்காட்சியின் எல்லாப் படங்களையும் முன்கூட்டியே பார்த்துத் தீர்த்துவிடாதீர்கள், அங்கே போய் "இதைப் பார்த்துவிட்டேன், இதையும் பார்த்துவிட்டேன்" என்று சரிபார்த்துக்கொண்டு நடப்பீர்கள். படிக்கும் கண்ணாடி இருந்தால் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள், மங்கிய வெளிச்சத்தில் லேபிள் படிப்பது சிரமம். பேனாவுக்குப் பதில் பென்சில், பல இடங்களில் பேனாவை அனுமதிப்பதில்லை. பெரிய பையை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். உடை விஷயத்தில் ஒரு சின்ன யோசனை: அடர் நிறச் சட்டை போட்டுக்கொண்டால் கண்ணாடிச் சட்டத்தில் உங்கள் பிம்பம் குறைவாகத் தெரியும்.

ஐந்தாவது படி: அரங்குக்குள்

உள்ளே நுழைந்ததும் கண் இருட்டுக்குப் பழக சில நிமிடம் கொடுங்கள். அப்புறம் முழு அரங்கையும் எதையும் படிக்காமல் ஒரு சுற்று வேகமாக நடந்து வாருங்கள். எந்தப் படத்தின் முன்னால் கால் தானாக நின்றதோ அதை மனதில் வையுங்கள். இரண்டாவது சுற்றில் அந்த ஐந்தாறு படங்களுக்கு மட்டும் நேரம் கொடுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடமாவது. நூற்றைம்பது படங்களையும் சமமாகப் பார்க்க முயன்றால் அறுபதாவது படத்தில் கண் களைத்துவிடும், பிறகு எதுவும் ஏறாது.

லேபிளை இப்படிப் படியுங்கள். இரண்டு வருடங்கள் இருந்தால் முதலாவது படம் எடுத்த வருடம், இரண்டாவது பிரிண்ட் போட்ட வருடம். அடுத்து வருவது பிரிண்டின் வகை, அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், ஏனென்றால் எப்படி நின்று பார்க்க வேண்டும் என்பதையே அதுதான் சொல்கிறது.

டகேரோடைப் என்று இருந்தால், அது 1839-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட முறை, வெள்ளி பூசிய தகட்டில் நேரடியாகப் பதிந்த படம், நெகட்டிவ் கிடையாது, ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான். நேராக நின்றால் கண்ணாடி போல உங்கள் முகமே தெரியும், தலையை மெல்லச் சாய்த்துக்கொண்டே வாருங்கள், ஒரு கோணத்தில் படம் சட்டென்று எழும்பி வரும். ஆல்புமென் என்றால் முட்டையின் வெள்ளைக்கருவைப் பூசிய காகிதம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் எங்கும் இதுதான், லேசான பழுப்பும் மெல்லிய பளபளப்பும் இருக்கும். சயனோடைப் நீல நிறம், ஜான் ஹெர்ஷெல் 1842-இல் கண்டுபிடித்தது, அடுத்த வருடமே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைப் பதிவு செய்ய இதைப் பயன்படுத்தத் தொடங்கினார். ஜெலட்டின் சில்வர் (ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்பைப் பூசிய காகிதம்)தான் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பாலான கறுப்பு வெள்ளைப் படங்கள், இங்கே நிழல் பகுதிக்குள் உற்றுப் பாருங்கள், நல்ல பிரிண்டில் கறுப்புக்குள்ளேயும் துணியின் மடிப்போ சுவரின் சொரசொரப்போ தெரியும். திரையில் அது வெறும் இருட்டாகத்தான் இருந்திருக்கும். வண்ணத்தில் டை டிரான்ஸ்ஃபர் என்று பார்த்தால் விடாதீர்கள். சாயங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் காகிதத்துக்கு மாற்றும், செலவும் உழைப்பும் அதிகம் பிடிக்கும் முறை, அதன் சிவப்பின் அடர்த்தியை நேரில் பார்க்காமல் விளக்க முடியாது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வில்லியம் எகிள்ஸ்டன் தன் வண்ணங்களை அடைந்தது அதில்தான்.

அளவையும் கவனியுங்கள். ஆந்த்ரே கெர்டேஸ் 1920-களில் பாரிஸில் அஞ்சலட்டைத் தாளில் போட்ட பிரிண்ட்கள் உள்ளங்கையில் அடங்கும், மூக்கு கண்ணாடியைத் தொடும் அளவுக்குக் குனிய வைக்கும், அந்த நெருக்கத்தில் அந்தப் படம் உங்களிடம் மட்டும் பேசுவது போல இருக்கும். ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கியின் படங்களோ சில மீட்டர் அகலம். பத்தடி தள்ளி நின்று முழு வடிவத்தைப் பாருங்கள், பிறகு கிட்டே போய் ஒவ்வொரு மூலையாகப் படியுங்கள், மறுபடி தள்ளிப் போங்கள். பெர்ன்ட், ஹில்லா பெக்கர் தம்பதி எடுத்த தண்ணீர்த் தொட்டி, உருக்காலைப் படங்கள் கட்டம் கட்டமாக மாட்டப்பட்டிருக்கும். ஒரே ஒரு தொட்டியைப் பார்த்தால் ஒன்றும் இல்லை, ஒரே மாதிரி மேகமூட்ட வெளிச்சத்தில் ஒரே கோணத்தில் எடுத்த ஒன்பதையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஒவ்வொன்றின் குணமும் பிரிந்து தெரியும். இவர்கள் எல்லோருடைய படங்களும் ஃபோனில் ஒரே அளவுதான்.

அடுத்து, படங்களின் வரிசை. எது எதன் பக்கத்தில் இருக்கிறது என்பது தற்செயல் இல்லை. மோமாவின் புகைப்படத் துறைத் தலைவராக இருந்த எட்வர்ட் ஸ்டைக்கன் 1955-இல் அங்கே அமைத்த 'ஃபேமிலி ஆஃப் மேன்' கண்காட்சியில் 68 நாடுகளின் 273 பேர் எடுத்த 503 படங்கள் இருந்தன. எடுத்தவர்கள் அத்தனை பேர் இருந்தாலும் அந்த அரங்கில் கேட்டது ஸ்டைக்கனின் குரல்தான், காதல், பிறப்பு, உழைப்பு, மரணம் என்று அவர் கோத்த வரிசை அது. உலகம் சுற்றிய அந்தக் கண்காட்சியின் ஒரு பிரதி 1994 முதல் லக்ஸம்பர்க்கின் கிளெர்வோ கோட்டையில் இருக்கிறது, படம் மாட்டுவதே ஒரு கலை என்று புரிய வேண்டுமென்றால் அதைவிட நல்ல இடம் சொல்லத் தெரியவில்லை. இந்தியப் புகைப்படக் கலைஞர் தயானிதா சிங்கின் வேலைகள் இதற்கு எதிர்த்திசை. திறந்து மூடும் மரச் சட்டங்களுக்குள் படங்களை வைத்து, வரிசையை மாற்றி மாற்றி அமைக்கும்படி செய்கிறார், இன்று நீங்கள் பார்த்த வரிசையை இன்னொருவர் பார்க்காமல் போகலாம்.

ஆவணப் படங்கள், போர், பஞ்சம், வறுமை என்று வரும்போது லேபிளில் இன்னொன்றைத் தேடுங்கள்: படத்தில் இருப்பவரின் பெயர். டோரத்தியா லாங் 1936-இல் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் எடுத்த தாயின் படம் உலகம் முழுக்கத் தெரிந்தது, ஆனால் அந்தப் பெண் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்ஸன் என்பது 1978-இல்தான் வெளியே வந்தது, அந்தப் படத்துக்காக அவருக்கு உரிமைத்தொகை எதுவும் கிடைக்கவில்லை. இதே படத்தின் பிரிண்டை நேரில் பார்க்கக் கிடைத்தால் வலது கீழ் மூலையைக் கவனியுங்கள், கூடாரக் கம்பைப் பிடித்த ஒரு கட்டைவிரல் தொடக்கப் பிரிண்ட்களில் தெளிவாக இருக்கும். லாங் 1939-இல் நெகட்டிவில் அதை மறைக்கச் செய்தார், பிந்தைய பிரிண்ட்களில் மங்கிய நிழலாக மட்டும் எஞ்சியிருக்கும். சுவரில் இருப்பது எந்தப் பிரிண்ட் என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

ஃபோனில் படம் எடுக்க அனுமதி இருந்தால் ஃபிளாஷ் இல்லாமல் லேபிளை மட்டும் எடுங்கள். படத்தைக் கண்ணால் பாருங்கள்.

பிடிக்காத கண்காட்சியிலிருந்து உடனே வெளியேற வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 1976-இல் எகிள்ஸ்டனின் வண்ணப் படங்களை மோமாவின் புகைப்படத் துறைத் தலைவர் ஜான் சார்கோவ்ஸ்கி அங்கே வைத்தபோது விமர்சகர்கள் பலர் கிழித்தெடுத்தார்கள். இன்று வண்ணப் புகைப்படத்தின் வரலாறு அந்தக் கண்காட்சி இல்லாமல் எழுதப்படுவதில்லை. எரிச்சலூட்டிய ஒரு படத்தின் முன்னால் இன்னும் கொஞ்ச நேரம் நின்று, எது எரிச்சலூட்டுகிறது என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள், அது போதும்.

ஆறாவது படி: வெளியே வந்த பிறகு

புத்தகக் கடையில் கண்காட்சிப் புத்தகமான கேட்டலாக்கைத் திறந்து, சற்று முன் நின்று பார்த்த படத்தின் பக்கத்துக்குப் போங்கள். அச்சில் எது தொலைந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைக்கும், நினைவு பசுமையாக இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். வாங்குவதா வேண்டாமா என்பது பிறகு. அன்றைக்கே குறிப்பு எழுதிவிடுங்கள்: எந்தப் படம், எந்த வகைப் பிரிண்ட், பக்கத்தில் என்ன இருந்தது. முடிந்தால் கண்காட்சி முடிவதற்குள் இன்னொரு முறை போங்கள், முதல் முறை விட்ட படங்கள்தான் பெரும்பாலும் இரண்டாம் முறை பிடித்துக்கொள்ளும்.

பயணம் செய்ய முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மோமா 1929 முதல் நடத்திய கண்காட்சிகளின் ஆவணங்களைத் தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, பலவற்றுக்கு அரங்கை எடுத்த புகைப்படங்களும் படைப்புகளின் பட்டியலும் இருக்கும். ஒரு பழைய கண்காட்சியை அறை அறையாகப் பார்த்து, ஏன் இப்படி மாட்டினார்கள் என்று யோசிப்பது நல்ல பயிற்சி, ஆனால் பிரிண்டைப் பார்த்ததாக அது கணக்கில் வராது.

இறுதியாக, பலருக்குத் தெரியாத ஒரு கதவு. சேகரிப்பு உள்ள பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் ஆய்வறை உண்டு, முன்பதிவு செய்தால் சுவரில் இல்லாத பிரிண்ட்களைக் கிடங்கிலிருந்து எடுத்துவந்து மேசையில் உங்கள் முன்னால் வைப்பார்கள், பெரும்பாலும் கண்ணாடிச் சட்டமே இல்லாமல். பேராசிரியராகவோ ஆராய்ச்சியாளராகவோ இருக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் கேட்பதில்லை. சில வாரங்கள் முன்னதாக எழுதுங்கள், இணையச் சேகரிப்புப் பட்டியலிலிருந்து ஏழெட்டுப் படங்களின் பதிவு எண்களைக் குறிப்பிடுங்கள், "ஏதாவது நல்ல படங்கள் காட்டுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் அவர்களால் உதவ முடியாது. ஒரே நெகட்டிவின் இரண்டு பிரிண்ட்கள் அவர்களிடம் இருக்கிறதென்று பட்டியலில் தெரிந்தால், அந்த இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.